ஒரே வண்டிக்காரருக்கு எது ஏற்றது: வெளிலோடு லாரியா, கேஸ் டேங்கரா?

நாமக்கல்லில் சொந்தமாக ஒரு வண்டி எடுக்க நினைப்பவர் முன்னால் பெரும்பாலும் இரண்டு வழிகள் வந்து நிற்கும். தேசிய பெர்மிட் போட்ட 12 சக்கர லாரியை வாங்கி, கிடைக்கிற லோடை ஏற்றி ஓட்டலாம்; இதுதான் வெளிலோடு. அல்லது எண்ணெய் நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் சமையல் கேஸ் ஏற்றும் டேங்கரை விடலாம். டிரெய்லரைப் பற்றியும் கேட்கிறார்கள். தொழிற்சாலைகளோடு நேரடிப் பழக்கம் இல்லாதவருக்கு அது சரிப்படாது என்பதால் அதை இங்கே எடுக்கவில்லை.

என் கணக்கில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவது வண்டி திரும்பி வரும் பாதைதான்.

சேலத்து ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு புனே போகும் லாரிக்குக் கிடைக்கிற வாடகை டீசல், டோல், டிரைவர் படி என்று வழியிலேயே கரைந்துவிடும். கையில் நிற்பது ரிட்டன் லோடில்தான். நாசிக் பக்கம் வெங்காயம் உடனே அமைந்தால் நல்லது; அமையாவிட்டால் வண்டி நிற்கும், தவணை நிற்காது. எங்கள் வீட்டு வண்டி ஒருமுறை ஆறு நாள் அங்கே காத்துக் கிடந்தது. ஏழாம் நாள் புரோக்கர் சொன்ன வாடகைக்கே அப்பா சம்மதித்தார். ஊருக்கு வந்து இறக்கியபோது எடை குறைகிறது என்று பாக்கிப் பணத்தில் பிடித்துக்கொண்டார்கள். வெங்காயம் வழியில் காய்ந்து எடை இழப்பது ஊரறிந்த விஷயம். அந்த இழப்பையும் லாரிக்காரர் தலையில் கட்டியதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

2018-ல் 12 சக்கர லாரியின் மொத்த எடை வரம்பு (வண்டியும் சரக்கும் சேர்த்து) 31 டன்னிலிருந்து 35 டன்னாக உயர்ந்தது. வருமானம் கூடும் என்று நம்பினோம். ஆனால் அதே சரக்குக்குக் குறைவான வண்டிகள் போதும் என்றானதும் டன் வாடகை இறங்கியது. கூடுதல் பாரம் ஏற்றிச் சரிக்கட்டுவதற்கும் வழியில்லை. 2019-ல் திருத்தப்பட்ட சட்டப்படி அதற்கு 20,000 ரூபாய் அபராதம். மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய்.

டேங்கருக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. மங்களூர், கொச்சி, எண்ணூர் போன்ற இடங்களில் நிரப்பிக்கொண்டு சிலிண்டர் நிரப்பும் ஆலையில் இறக்க வேண்டியதுதான். காலியாகத் திரும்பும் தூரமும் வாடகைக் கணக்கில் சேரும். புரோக்கர் கமிஷன் கிடையாது, ஏற்றுக்கூலி இறக்குக்கூலித் தகராறும் கிடையாது. ஆலை வாசலில் வரிசையில் நாள்கணக்கில் நிற்க நேர்ந்தாலும் பணம் வந்து சேரும் என்ற தைரியம் இருக்கிறது.

அந்தத் தைரியத்துக்கு ஆயுள், ஒப்பந்தம் முடியும் வரைதான். 2025 மார்ச் இறுதியில் தென்மண்டல டேங்கர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். புதிய டெண்டரில் இரண்டு அச்சு வண்டிகளை ஒதுக்கிவிட்டு மூன்று அச்சு வண்டிகளுக்கு முன்னுரிமை கொடுத்ததும், மாற்று ஓட்டுநர் இல்லையென்றால் 20,000 ரூபாய் அபராதம் என்றதும்தான் முக்கியக் காரணங்கள். கடன் வாங்கிக் கட்டிய வண்டி ஒரு நிபந்தனையால் வெளியே நின்றால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்? லாரியில் இன்று ஜவ்வரிசி, நாளை சிமெண்ட் என்று எதையும் ஏற்றலாம். கேஸ் டேங்கரில் அதற்கு வழியில்லை. டேங்கருக்கென வெடிபொருள் துறையின் உரிமமும் வேண்டும். அபாயகரமான சரக்குக்கான பயிற்சி பெற்று உரிமத்தில் பதிவு செய்துகொண்ட டிரைவரும் வேண்டும்.

ஒரே வண்டி வைத்துத் தானே ஓட்டப்போகிறவருக்கு நான் லாரியைத்தான் சொல்வேன். டிரைவர் சம்பளம் வீட்டிலேயே தங்கும், தொழில் சரியில்லை என்றால் வண்டியை விற்றுக் கடனை அடைக்கவும் முடியும். இரண்டு மூன்று வண்டிகளும் கையில் கொஞ்சம் முதலும் உள்ளவர் டேங்கருக்குப் போகலாம்; ஒரு வண்டி நின்றாலும் மற்றவை தவணையைத் தாங்கும்.

பழைய டேங்கரை விலைபேசப் போகிறவர்களுக்கு ஒன்று. என்ஜினையும் டயரையும் பார்ப்பதற்கு முன்னால், அந்த வண்டியின் ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது, அது உங்கள் பெயருக்கு மாறுமா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிய பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.