சிறுநீரக நோயாளிக்கு 'பாடி ஃபேட்' எடை மெஷின் வாங்கலாமா?

வெறுங்காலோடு ஏறி நின்றால் எடை, கொழுப்பு, தசை, நீர் என்று மொபைலில் பத்துப் பன்னிரண்டு எண்களைக் கொட்டுகிறது இந்த புளூடூத் எடை மெஷின். நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவருக்கு இதில் நம்பத் தகுந்தது எடை ஒன்றுதான்.

மெஷின் தசையை நேராக அளப்பதில்லை. ஒரு காலிலிருந்து மறு காலுக்கு, பெரும்பாலும் 50 கிலோஹெர்ட்ஸில், மெல்லிய மின்சாரத்தை அனுப்பி அதன் தடையை அளக்கிறது. கொழுப்பு நீங்கலான உடலில் சுமார் 73 சதவீதம் நீர் என்ற கணக்கில் மீதியை ஊகிக்கிறது. உடம்பில் நீர் கோத்தவருக்கு இந்தக் கணக்கு உதவாது. இரண்டு டயாலிசிஸுக்கு இடையே 2 கிலோ நீர் ஏறினால் மின்சாரம் சுலபமாகப் பாயும். தசை கூடிவிட்டதாக ஆப் சொல்லும். டயாலிசிஸ் முடிந்து ஏறினால் அதே தசை குறைந்திருக்கும்! நாலு மணி நேரத்தில் யாருக்கும் தசை கரையாது, போனது நீர். கணுக்காலுக்கு மேலே எலும்பின்மீது கட்டைவிரலால் அழுத்தி எடுங்கள். குழி அப்படியே நின்றால் அன்றைய தசை எண்ணைப் பார்க்கவே வேண்டாம்.

இந்த நோயில் தசை மெல்லக் கரையும். ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் குறைவும் சேர்ந்துகொள்வதால் தோளும் தொடையும் மெலியும், வயிறு மட்டும் நிற்கும். பெண்களுக்குத் தொடக்கத்திலேயே தசை குறைவு, கொழுப்பின் பங்கு அதிகம். கொஞ்சம் இழந்தாலே நாற்காலியிலிருந்து எழக் கையூன்ற வேண்டிவரும். போன தசையின் இடத்தை நீரும் கொழுப்பும் நிரப்பி எடை மாறாமல் இருந்தால் வீட்டில் யாருக்கும் தெரியாது. தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுதான் ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் கிரியாட்டினின். தசை குறைந்தால் அதுவும் இறங்கும். அதைப் பார்த்து சிறுநீரகம் தேறிவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்களை நினைத்தால்தான் கவலை.

நீரைத் தனியே பிரித்துக் காட்ட 5 முதல் 1000 கிலோஹெர்ட்ஸ் வரை பல அலைவரிசைகளில் அளக்கும் கருவி வேண்டும். சில டயாலிசிஸ் மையங்களில் உள்ள ஃப்ரெசீனியஸ் நிறுவனத்தின் பிசிஎம் (பாடி காம்போசிஷன் மானிட்டர்) அந்த வகை. படுக்கவைத்து, ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) இல்லாத பக்கத்துக் கையிலும் காலிலும் பட்டைகளை ஒட்டி அளப்பார்கள்.

வீட்டு மெஷினில் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில் எடை பாருங்கள். வயிற்று டயாலிசிஸ் செய்பவர் திரவத்தை வடித்துவிட்டு ஏற வேண்டும். 2 லிட்டர் உள்ளே இருந்தால் 2 கிலோ கூடக் காட்டும். பேஸ்மேக்கர் வைத்தவர் சாதாரண எடை மெஷினோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

தசையைக் கவனிக்க, கைப்பிடி வலிமையை அளக்கும் கருவி மேல். ஆசியர்களுக்கான 2019 வரையறையில் ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் கீழே போனால் பலக்குறைவு. ஆனால் ஃபிஸ்டுலா உள்ள கையால் அழுத்திப் பார்க்க வேண்டாம்.