ஓரடிப் பித்தளை நடராசர்: கையைப் பார்த்து வாங்குங்கள்

இணையத்தில் பல பெயர்களில் விற்கும் அச்சு வார்ப்புச் சிலை. கனம் உண்டு, பீடம் ஆடவில்லை, மெருகும் பரவாயில்லை. ஆனால் நடராசருக்குப் பொருளே கைகால்களில்தான். அங்கேதான் கோட்டை விட்டிருக்கிறார்கள்.

முன் இடக்கை மார்புக்குக் குறுக்கே வந்து, மணிக்கட்டில் துதிக்கைபோலத் தொய்ந்து, தூக்கிய இடக்காலைச் சுட்ட வேண்டும். அருள் அந்தத் திருவடியில் என்பது குறிப்பு. இதில் மணிக்கட்டு விறைத்து, விரல் பீடத்தைக் காட்டுகிறது. அச்சு சுலபமாகப் பிரிய வேண்டுமென்று கையைத் தட்டையாக்கினால் இப்படித்தான் ஆகும். தீ, விரிந்திருக்க வேண்டிய பின்புற இடக்கையில் நிற்காமல் மூடிய விரல்களுக்குள் சிக்கியிருக்கிறது. ஊன்றிய வலக்கால் முழங்காலில் மடியவே இல்லை, ஆட்டம் போச்சு. உச்சியிலிருந்து நூல் தொங்கவிட்டால் ஊன்றிய பாதத்தருகே விழ வேண்டும், இங்கே விலகுகிறது. வலக்காதில் ஆணின் குழை, இடக்காதில் பெண்ணின் தோடு என்ற வேறுபாடும் இல்லை. ‘அஞ்சாதே’ என்னும் முன் வலக்கையான அபயக்கரம் மட்டும் சரி.

கொலுவுக்குப் போதும். பரதம் பயில்பவர்கள் சுவாமிமலை மெழுகு வார்ப்பையே, அதாவது முதலில் மெழுகில் உருச் செய்து பிறகு உலோகத்தில் வார்க்கும் சிலையையே கேளுங்கள். விலை பல மடங்கு. வார்ப்பதற்கு முன் மெழுகு உருவின் படத்தை வாங்கிப் பாருங்கள். மெழுகில் மணிக்கட்டை வளைக்கலாம், உலோகமான பிறகு உளியால் செதுக்கத்தான் முடியும்.