போர்டு போகவில்லை, போனது 6,800 ரூபாய்

சேலம் புதிய பஸ் நிலையப் பக்கம் கம்ப்யூட்டரைப் பழுது பார்க்கக் கொண்டுபோகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

எங்கள் வீடு ஏற்காட்டில், நாகலூர் போகும் வழியில். ஐப்பசி பிறந்தால் மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளேயே வந்துவிடும். உப்பு கசியும், தீப்பெட்டி நமத்துப்போகும். அப்படியொரு வாரத்தில் மகளின் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. பட்டனை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு. கம்பெனி பெயர்கூட வரவில்லை. கல்லூரியில் புராஜெக்ட் ஒப்படைக்க வேண்டிய நேரம். பெட்டியைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கிச் சேலம் வந்தேன்.

கடைக்காரர் பெட்டியைத் திறக்கவே இல்லை. மானிட்டரை இணைத்துப் பார்த்துவிட்டு, "போர்டு போய்விட்டது சார். மலையிலிருந்து வருவதெல்லாம் இப்படித்தான்" என்றார். போர்டு என்றால் மதர்போர்டு, மற்ற பாகங்களெல்லாம் மாட்டியிருக்கும் பெரிய அட்டை. விலையைப் பிறகு வாட்ஸ்அப்பில் அனுப்பினார்: புதுப் போர்டு, கூலி சேர்த்து 6,800. வேலை முடிந்து தந்த சீட்டில் 'சர்வீஸ்' என்ற ஒரே சொல், ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லை, போர்டின் பெயரும் இல்லை. பழைய போர்டைக் கேட்டதற்கு, "அதைக் கழித்துத்தானே சார் விலை சொன்னேன்" என்றார்.

வீட்டில் திரை வந்தது. ஆனால் எதைத் திறந்தாலும் இழுவை. கம்ப்யூட்டரின் நிலவரத்தைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைப் பார்த்த மகள், "அப்பா, எட்டு ஜி.பி. ராம் நான்காகிவிட்டது" என்றாள். ராம் என்பது கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது பயன்படுத்தும் நினைவக அட்டை. அவளுக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. போர்டை மாற்றினால் விண்டோஸ் பெரும்பாலும் மறுபடி ஆக்டிவேஷன், அதாவது உரிமத்தை உறுதிசெய்யக் கேட்கும். இது வாயே திறக்கவில்லை.

பக்கவாட்டு மூடியைக் கழற்றினோம். 2019-ல் வாங்கியபோது ஒட்டிய வாரண்டி ஸ்டிக்கர் அதே போர்டில், அதே இடத்தில். பிராசசர் விசிறியின் அடியில் பழைய தூசி கலையாமல் இருந்தது. இரண்டு ராம் இருந்த இடத்தில் ஒன்று. அதன் பொன்னிற விளிம்பு மட்டும் செவ்வாய்ப்பேட்டைப் புதுக் கொலுசு மாதிரி பளபளத்தது. ஸ்லாட் ஓரத்தில் பென்சில் அழிக்கும் ரப்பரின் துகள்கள். நடந்த வைத்தியம் அவ்வளவுதான். அதற்கு 300, 400 கேட்டிருந்தால் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன். செய்யாத வேலைக்குப் பணம் வாங்கியதோடு ஒரு ராமையும் உருவிக்கொண்டதுதான் வயிற்றெரிச்சல்.

ஈரத்தில் ராமின் முனைகளில் அழுக்குப் படலம் படிந்தால் போர்டோடு தொடர்பு சரியாகக் கிடைக்காது. திரையில் ஓர் எழுத்துகூட வருவதற்கு முன்பே எல்லாம் நின்றுவிடும். மின்சார வயரை உருவிவிட்டு, பெட்டியின் இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டு, ராமை எடுத்து முனையை ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்து, ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் அதில்தான் செருகியிருக்க வேண்டும். கம்பெனி பெயர் வந்த பிறகு திரை கறுத்தால் விவகாரம் பெரும்பாலும் விண்டோஸில். கன்ட்ரோல், ஷிப்ட், விண்டோஸ், பி நான்கையும் சேர்த்து அழுத்தினால் டிஸ்பிளே டிரைவர் புதிதாகத் தொடங்கும். அதற்கும் மசியவில்லையென்றால் அவசியமானதை மட்டும் வைத்து விண்டோஸைத் தொடங்கும் சேஃப் மோடு. இவற்றில் எதையும் பார்க்காமல் 'போர்டு' என்று ஆரம்பிப்பவரிடம் பெட்டியை விடாதீர்கள். கொடுத்தே ஆகவேண்டுமென்றால் உங்கள் எதிரிலேயே மூடியைத் திறக்கச் சொல்லி, ராம், ஹார்டு டிஸ்க் ஸ்டிக்கர்களில் உள்ள சீரியல் எண்களைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சங்கடப்படுகிற கடைக்காரர் சங்கடப்படட்டும்.

கடைக்காரரிடம் போனில் கேட்டேன். "கம்ப்யூட்டரைப் பற்றி உங்களுக்கு என்ன சார் தெரியும்?" என்று வைத்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல், வாட்ஸ்அப் செய்தி, பணம் அனுப்பிய ரசீது, ஸ்டிக்கர் படம் ஆகியவற்றைக் காட்டிப் புகார் கொடுத்தேன். அதன் பிறகு குரல் மாறிவிட்டது: "சின்ன விஷயம் சார், ராமை வந்து வாங்கிக்கொள்ளுங்கள், புகாரை முடித்துவிடலாம்."

ராம் மட்டும் போதாது, போர்டுக்கு வாங்கிய பணமும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். தராவிட்டால் அடுத்தது சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே வழக்குக் கட்டணம் கிடையாது. மனு கொடுக்க 2 ஆண்டு அவகாசம் உண்டு. காகிதங்களைத் தயாராக வைத்திருக்கிறேன்.