பிளேனோ பக்கம் வியாழக்கிழமை வாலிபால்: சர்ச் ஜிம்மில் ஆடப் போகலாமா?

டெக்ஸாஸில் டாலஸுக்கு வடக்கே குடியிருக்கும் நம் ஆட்களில் வாலிபால் ஆடத் தெரிந்தவர்கள் ஏராளம், ஆட இடம்தான் கிடைப்பதில்லை. ஜூலை, ஆகஸ்டில் வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைச் சாதாரணமாகத் தாண்டுகிற ஊர் இது, பூங்காவில் இருக்கிற மணல் கோர்ட்டில் சாயங்காலம் ஏழு மணிக்குக்கூட நிம்மதியாக ஆட முடியாது. தனியார் உள்ளரங்குகளுக்குப் போனால் ஒவ்வொரு முறையும் தலைக்கு இவ்வளவு என்று பணம் கட்ட வேண்டும், கட்டினாலும் அங்கே ஏற்கெனவே அணி சேர்ந்து வந்தவர்கள் ஆடுவார்கள், தனியாகப் போனவர் சுவரோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். அதனால்தான் பிளேனோ பக்கம் ஒரு பாப்டிஸ்ட் சர்ச் வியாழன் இரவுகளில் நடத்தும், யார் வேண்டுமானாலும் வந்து சேர்ந்துகொள்ளும் திறந்த ஆட்டத்தைப் பற்றி விரிவாக எழுதுகிறேன். நானும் மனைவியும் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கிறோம்.

நம்மவர்கள் முதலில் கேட்கிற கேள்விக்கே வருகிறேன்: மதம் மாற்றப் பார்ப்பார்களா? இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே ஐந்து நிமிடம் நிறுத்துவார்கள். ஒருவர் பைபிளிலிருந்து ஒரு வசனம் வாசித்து, அதைப் பற்றி நாலு வார்த்தை பேசி, ஜெபம் செய்வார், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வரலாம் என்று எல்லோருக்கும் பொதுவாக ஓர் அழைப்பு சொல்வார். அவ்வளவுதான். அந்த நேரத்தில் வெளியே போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நாங்கள் இந்துக் குடும்பம், அந்த ஐந்து நிமிடமும் அங்கேயே நிற்போம், எங்களுக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை. நீங்கள் சர்ச்சுக்கு வந்தால் அவர்களுக்குச் சந்தோஷம்தான், அதை மறைக்கவும் மாட்டார்கள், ஆனால் வராவிட்டால் உங்களை நடத்துகிற விதம் மாறுவதில்லை. ஜெபம் நடக்கிற இடத்தில் இருப்பதே மனதுக்கு ஒப்பவில்லை என்றால் நகராட்சியின் பொழுதுபோக்கு மையங்கள் இருக்கின்றன, சந்தா கட்டி அங்கே ஆடலாம்.

சர்ச்சுக்குள் எதற்கு மரத்தரை போட்ட ஜிம் என்று இங்கே புதிதாக வந்தவர்கள் ஆச்சரியப்படுவார்கள். அமெரிக்காவில் இது பழைய வழக்கம். சொல்லப்போனால் வாலிபாலே கிறிஸ்தவ அமைப்புகளின் வட்டாரத்திலிருந்து வந்ததுதான். 1891-இல் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. என்கிற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில் பீச் பழக்கூடைகளை மாட்டிக் கூடைப்பந்தைத் தொடங்கிய ஜேம்ஸ் நைஸ்மித் இறையியல் படித்தவர். நாலு வருடம் கழித்து, 1895-இல், பக்கத்து ஊரான ஹோலியோக்கின் ஒய்.எம்.சி.ஏ.வில் வேலை பார்த்த வில்லியம் மோர்கன், கூடைப்பந்தின் ஓட்டமும் இடிபாடும் தாங்க முடியாத நடுவயது வியாபாரிகளுக்காக டென்னிஸ் வலையைத் தூக்கிக் கட்டி ஓர் ஆட்டத்தை உருவாக்கினார். அதுதான் வாலிபால். நமக்கும் இது அந்நியமில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர் மாதிரியான கடற்கரை ஊர்களில் கால்பந்தும் சர்ச் திருவிழாவும் எவ்வளவு நெருக்கம் என்று அந்தப் பக்கத்துக்காரர்களைக் கேட்டால் தெரியும்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். ஏழு மணிக்குக் கதவு திறக்கும். முன்வாசல் பூட்டியிருக்கும், பின்பக்கம் கார் நிறுத்துமிடத்தை ஒட்டிய பக்கக் கதவு வழியாகத்தான் போக வேண்டும், இதை யாரும் எழுதி ஒட்டவில்லை, முதல் தடவை போகிறவர்கள் கட்டடத்தைச் சுற்றி வருவார்கள். உள்ளே ஒரு டேப்லெட்டில் பெயரைப் பதிந்து, அடிபட்டால் சர்ச் பொறுப்பில்லை என்கிற படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து. கட்டணம் கிடையாது, காணிக்கைப் பெட்டியும் நீட்டுவதில்லை.

இந்த இடத்தை நான் மெச்சுவதற்குக் காரணம் ஆட்டத்தை நடத்துகிற பெரியவர். பள்ளியில் கோச்சாக இருந்து ஓய்வு பெற்றவராம். கையில் விசில், சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. வந்தவர்கள் வரிசையாகப் பெயரை எழுதுவார்கள், அவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போய் அணி பிரிப்பார். ஒன்றாக வந்த நண்பர்கள் ஒன்றாகவே ஆட வேண்டும் என்று அடம்பிடிக்க முடியாது. ஜெயித்த அணி தொடர்ந்து இரண்டு ஆட்டம்தான் நிற்கலாம், மூன்றாவதற்கு அவர்களும் இறங்கி உட்கார வேண்டும். கூட்டம் அதிகமாகிவிட்டால் 25 புள்ளி ஆட்டத்தை 15-ஆகக் குறைத்துவிடுவார். கேட்க இதெல்லாம் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் திறந்த ஆட்டம் என்று சொல்லிக்கொள்ளும் மற்ற இடங்களில் இது ஒன்றுகூட இல்லாததால்தான் நல்ல ஆறு பேர் இரவு முழுக்க கோர்ட்டைப் பிடித்துக்கொள்கிறார்கள், புதிதாக வந்தவர் அடுத்த வாரம் வருவதில்லை. இங்கே யாரையும் தெரியாமல் தனியாகப் போனாலும் முதல் கால்மணி நேரத்துக்குள் உங்களுக்கு சர்வீஸ் போட வாய்ப்பு வந்துவிடும்.

இரண்டு கோர்ட் கட்டுகிறார்கள். ஒன்றில் வலை 2.43 மீட்டர், வேகமான ஆட்டம், கல்லூரி அணிகளில் ஆடியவர்கள்கூட வருகிறார்கள், அவர்கள் அடிக்கிற பந்தை எடுக்கவே தனித் தைரியம் வேண்டும். இன்னொன்றில் 2.24 மீட்டர், கற்றுக்கொள்கிறவர்களும் குடும்பமாக வருகிறவர்களும் ஆடுவது. எந்தக் கோர்ட் என்பதை நீங்களே முடிவு செய்யலாம். நடுவர் கிடையாது, வலையில் கை பட்டால் பட்டவர் தானே சொல்ல வேண்டும், தகராறு வந்தால் அந்தப் புள்ளியைத் திரும்ப ஆடுவார்கள். கெட்ட வார்த்தை பேசினால் பெரியவர் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவார், இதில் அவர் ஆள் பார்ப்பதில்லை.

ஊரில் திறந்தவெளியில் ஆடிப் பழகியவர்களுக்கு ஒரு விஷயம். ஜிம்மின் கூரை தாழ்வு, பந்து அடிக்கடி மேலே இரும்புச் சட்டத்தில் படும். சர்வதேச விதிப்படி கூரையில் பட்டால் பந்து அவுட். அமெரிக்க உள்ளரங்க விதியில் அப்படியில்லை, உங்கள் அணி தொட்ட பந்து கூரையில் பட்டு உங்கள் பக்கமே விழுந்தால் ஆட்டம் தொடரும். நம் ஆட்கள் அவுட் என்று நினைத்து அப்படியே நின்றுவிடுகிறார்கள், நிற்காமல் எடுங்கள்.

இனி குறைகள். வேகமான கோர்ட்டில் ஆண்களும் பெண்களும் கலந்துதான் ஆடுகிறார்கள், ஆனால் பெண்களுக்கு வருகிற பந்தைப் பக்கத்தில் நிற்கிற ஆண் பாய்ந்து வந்து எடுப்பது நிற்கவே இல்லை. என் மனைவி கல்லூரியில் செட்டராக, அதாவது அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவராக, ஆடியவர், அவர் தலைக்கு மேலே வருகிற பந்தையும் யாராவது வந்து தட்டிவிட்டுப் போகிறார்கள். கலப்பு ஆட்டத்துக்கென்றே இந்த நாட்டில் ஒரு விதி உண்டு, ஓர் அணி பந்தை ஒரு தடவைக்கு மேல் தொட்டால் அதில் ஒரு தொடுதலாவது பெண்ணுடையதாக இருக்க வேண்டும். வலை தாழ்ந்த கோர்ட்டில் இதைக் கடைப்பிடிக்கிறார்கள், வேகமான கோர்ட்டில் கண்டுகொள்வதில்லை. பெரியவரிடம் நேரிலேயே சொன்னோம், காதுகொடுத்துக் கேட்டார், சில வாரம் சரியாக இருந்தது, அப்புறம் பழையபடி ஆகிவிட்டது. இவ்வளவு நியாயமாக நடத்துகிற இடத்தில் இது ஒன்று மட்டும் இப்படி இருப்பது எனக்கு வருத்தம். இதைப் படித்துவிட்டு அங்கே போகிற ஆண்கள் தயவுசெய்து உங்கள் இடத்தில் நில்லுங்கள், அவரவர் பந்தை அவரவர் எடுக்கட்டும்.

இன்னொன்று தரை. மேடைப் பக்கத்து மூலையில் மெருகு தேய்ந்து வழுக்குகிறது. ஓடுவதற்கான ஷூ போட்டு ஆடாதீர்கள், அதன் உயரமான அடிப்பாகம் பக்கவாட்டில் காலைத் திருப்பும்போது கணுக்காலை மடக்கிவிடும். தரையில் கறை விடாத அடிப்பாகம் உள்ள உள்ளரங்க ஷூ கட்டாயம், கறுப்பு ரப்பர் அடிப்பாகம் என்றால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். முழங்கால் உறை இருந்தால் நல்லது. பந்து அவர்களே தருகிறார்கள், நல்ல பந்துகள்தான்.

குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் மாடியில் இருக்கிற நடைபாதையில் சுற்றிக்கொண்டிருப்பார்கள், அதைவிடச் சின்னக் குழந்தை என்றால் ஒருவர் ஆட, ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். கூடைப்பந்துக்கு செவ்வாய்க்கிழமை தனியாக இருக்கிறது, அது முழுக்க இளவட்டங்களின் ஆட்டம்.

கோடையில் பிள்ளைகளுக்கான வி.பி.எஸ். என்கிற விடுமுறை பைபிள் வகுப்பு நடக்கிற வாரத்தில் ஜிம் முழுக்க அவர்களுக்குப் போய்விடும், வாலிபால் கிடையாது. கிறிஸ்துமஸ் வாரமும் அப்படியே. பதிவு செய்யும்போது கைப்பேசி எண்ணைக் கொடுத்தால் குறுஞ்செய்தி குழுவில் சேர்த்துவிடுவார்கள், ரத்தானால் மதியமே தகவல் வந்துவிடும்.