கராஜ் கதவு மாற்றுபவர்களே, கதவுக்கு மேலே எத்தனை அங்குலம் என்று முதலில் பாருங்கள்

கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்து ஸ்காபரோவில் 1960களில் கட்டிய சைட் ஸ்ப்ளிட் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். கீழே கராஜ், அதற்கு நேர் மேலே படுக்கையறை. எங்கள் வீடு அந்த ரகம். கராஜ் கதவு பழைய ஒற்றைப் பலகைக் கதவு. கீழ்ப்பக்கம் பிடித்து இழுத்தால் முழுக் கதவும் வெளியே துருத்திக்கொண்டு மேலே போய்ப் படுக்கும். ஐம்பது வருடத்துக்கு மேல் உழைத்த கதவு. போன மாரியில் அடிப்பக்கம் உக்கி, பனித்தண்ணீர் உள்ளே வரத் தொடங்கியது. சரி, மாற்றுவோம் என்று தேடினேன்.

முகநூலில் வந்த ஒரு விளம்பரம். எங்கள் ஆட்கள்தான், தமிழில் கதைத்தார். பெயர் போட விரும்பவில்லை. வாசலில் வந்து நின்றார், கதவின் அகலத்தையும் உயரத்தையும் மட்டும் டேப் பிடித்தார். எட்டு அடிக்கு ஏழு அடி. "ஸ்டாண்டர்ட் சைஸ் அண்ணா, ஒரு பிரச்சினையும் இல்லை" என்றார். மோட்டரோடு சேர்த்து 1,850 டொலர். காசாகத் தந்தால் வரி இல்லை. கராஜுக்குள்ளே அவர் ஒரு தரம்கூட அண்ணாந்து பார்க்கவில்லை. அதை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். அன்றைக்கு எனக்கு 240 டொலர் வரி மிச்சம் என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது.

முற்பணமாக 900 டொலர் இ-ட்ரான்ஸ்ஃபர் அனுப்பினேன். இரண்டு கிழமை கழித்து ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வேறு இரண்டு பெடியள் வந்தார்கள். பழைய கதவைக் கழற்றி, நான்கு பலகைத் துண்டுகளாக மடிந்து ஏறும் பனல் கதவைப் பூட்டி முடிக்க இருட்டிவிட்டது. பட்டனை அமுக்கிக் காட்டினார்கள். கதவு சத்தமில்லாமல் மேலே போனது. அழகாகத்தான் இருந்தது. மிச்சம் 950 டொலரைக் கையில் எண்ணிக் கொடுத்தேன். வான் அப்போது தெருவில் நின்றது. அதை ஒரு தரம் உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இல்லை.

அடுத்த நாள் காலை வானை உள்ளே எடுக்கப் போனால், மனைவி "நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டுங்கோ" என்று கத்துகிறாள். இறங்கிப் பார்த்தால் கதவின் கீழ்ப் பனல் வாசலுக்குள் தொங்கிக்கொண்டு நிற்கிறது. டேப் பிடித்தேன். நிலத்திலிருந்து 5 அடி 7 அங்குலம். வாசல் ஏழு அடி. எங்கள் சியன்னா வான் மேல் ரேக்கோடு கிட்டத்தட்ட 5 அடி 10 அங்குலம்.

போன் எடுத்தேன். "புதுக் கதவுதானே அண்ணா, ஸ்பிரிங் இறுக்கமாய் இருக்கும், ஒரு கிழமை ஓட ஓடச் சரியாகிவிடும்." ஒரு கிழமை கழித்து எடுத்தால், "பெடியள் வேற ஊரில நிக்கிறாங்கள், அடுத்த கிழமை வருவாங்கள்." அதற்கடுத்த முறை, "உங்கட கராஜ் லோ ஹெட்ரூம் அண்ணா, அதுக்கு வேற கிட் போடவேணும், 650 டொலர் கூட வரும்." அதாவது அவருக்கு விஷயம் தெரிந்தே இருக்கிறது! முதல் நாள் ஸ்டாண்டர்ட், மூன்றாம் கிழமை லோ ஹெட்ரூம்.

அது என்ன என்பதை அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். பனல் கதவு நேராக மேலே போவதில்லை. பக்கத்தில் இருக்கும் தண்டவாளத்தில், அதாவது ட்ராக்கில், ஏறி, மேலே ஒரு வளைவில் திரும்பி, சீலிங்குக்குக் கீழே படுக்கிறது. திரும்பும்போது கதவின் மேல் விளிம்பு வாசலைவிட உயரப் போகவேண்டும். அதற்குத்தான் வாசலின் மேல் விளிம்புக்கும் சீலிங்குக்கும் நடுவே இடம் தேவை, ஹெட்ரூம் என்பது அதுதான். வழக்கமான ட்ராக்குக்குச் சுமார் 12 அங்குலம். மோட்டர் பூட்டினால் அதன் தண்டுக்கு இன்னும் 3 அங்குலம். என் கராஜில் இருப்பது மொத்தமே 8 அங்குலம். பழைய ஒற்றைப் பலகைக் கதவு வெளிப்பக்கமாகப் புரண்டு ஏறியதால் அதற்கு அந்த எட்டு தாராளமாகப் போதும். இந்தப் பழைய வீடுகளில் பொறி இருப்பதே இங்கேதான். வாசல் அளவு ஸ்டாண்டர்ட், மேலே இருக்கும் இடம் ஸ்டாண்டர்ட் இல்லை.

650 தர மாட்டேன் என்று நின்றேன். கடைசியில், "சரி அண்ணா, உங்களுக்காகச் சும்மா செய்து தாறன்" என்று ஒரு பெடியனை அனுப்பினார். நான் வேலையில். பின்னேரம் வந்து பார்க்கிறேன், கதவு முன்னையைவிட நாலைந்து அங்குலம் கூட ஏறுகிறது. சந்தோஷப்பட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தால், கராஜ் சீலிங்கில் ஆளுயர நீளத்துக்கு ட்ரைவோலை, அதாவது சீலிங்கை மூடி அடித்த ஜிப்சம் பலகையை, வெட்டி எடுத்திருக்கிறான். மேலே மரச்சட்டங்களும் குளிர் தடுக்கும் பஞ்சும் பல்லை இளித்துக்கொண்டு தெரிகின்றன.

இரண்டு நாள் கழித்து அம்மா, "தம்பி, என்ரை அறைக்குள்ள பெற்றோல் மணக்குது" என்றார். அம்மாவின் அறைதான் கராஜுக்கு மேலே. அப்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. வீட்டோடு ஒட்டிய கராஜுக்கும் வீட்டுக்கும் நடுவே புகை நுழையாதபடி அடைப்பு இருக்கவேண்டும் என்பது ஒன்ராறியோ கட்டட விதி. அந்த ட்ரைவோல் அழகுக்கு அடித்தது இல்லை. வண்டிப் புகையில் கார்பன் மொனொக்சைட் இருக்கும், அதற்கு மணமே கிடையாது. பெற்றோல் மணந்ததால் அம்மாவுக்குத் தெரிந்தது, மணக்காதது வந்திருந்தால்? ஒட்டிய கராஜ் உள்ள வீடுகளிலும் கார்பன் மொனொக்சைட் அலாரம் கட்டாயம் என்று ஒன்ராறியோவில் 2014இல் விதி வந்தது. எங்கள் வீட்டில் அலாரம் இருந்தது, அது அடிக்கவும் இல்லை. ஆனாலும் அன்றிரவே அம்மாவைக் கீழறைக்கு மாற்றினேன். வானைத் தெருவில் விட்டேன். இலவசத் திருத்தவேலையின் விலை அது.

வேலையிடத்து நண்பர் ஒருவர் சொல்லி ஒரு முதியவர் வந்தார், இத்தாலிக்காரர். வணக்கம் சொல்வதற்கு முதல் டேப்பை எடுத்து வாசலுக்கு மேலே பிடித்தார். பிறகு இரண்டு பக்கச் சுவர் இடம், பிறகு உள்ளே பின்சுவர் வரை நீளம். அதன் பிறகுதான் கதவையே பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவர் காட்டித் தந்ததை அப்படியே சொல்கிறேன்.

வந்தவர்கள் வழக்கமான ட்ராக்கையே ஏழு அங்குலம் கீழே இறக்கிப் பூட்டியிருக்கிறார்கள். அதனால் திறந்த கதவே வாசலுக்குள் தாழ்ந்து படுக்கிறது. அதை மறைக்கப் பின்பக்க ட்ராக்கை மேலே தூக்கிச் சாய்த்துக் கட்டியிருக்கிறார்கள். அப்படிச் சாய்த்தால் கதவு உள்ளே போகப் போக அதன் முன் விளிம்பு சீலிங்கில் முட்டும். முட்டாமலிருக்க மோட்டரின் லிமிட்டை, அதாவது கதவை எவ்வளவு தூரம் இழுக்கும் என்ற அளவை, குறைத்து, இடைவழியிலேயே நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்றது இதைத்தான். இரண்டாம் முறை வந்த பெடியன் முட்டும் இடத்தைத்தான் வெட்டியிருக்கிறான்.

அதைவிடப் பயம் தந்தது ஸ்பிரிங். இரண்டு பக்கமும் ட்ராக்கோடு நீட்டிக் கட்டிய இழுவை ஸ்பிரிங் போட்டிருந்தார்கள். அந்த வகை ஸ்பிரிங்குக்கு நடுவால் ஒரு பாதுகாப்புக் கம்பி ஓடவேண்டும். ஸ்பிரிங் அறுந்தால் அது பாய்ந்து ஆளையோ வண்டியையோ அடிக்காமல் பிடித்து வைப்பது அந்தக் கம்பிதான். எங்களுடையதில் கம்பியே இல்லை. பிறகு கதவு மூடியிருக்கும்போது மோட்டரின் சிவப்புக் கயிற்றை இழுத்துக் கதவை மோட்டரிலிருந்து விடுவித்து, கையால் பாதி உயரத்துக்குத் தூக்கி மெல்லக் கையை எடுத்தார். சமநிலை சரியென்றால் கதவு அந்த இடத்திலேயே நிற்கவேண்டும். எங்களுடையது தடாலென்று இறங்கப் பார்த்தது. அவர் பிடித்துக்கொண்டார். அவ்வளவு பாரத்தையும் மோட்டர்தான் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. இந்தச் சோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம், ஆனால் கீழே ஒருவரும் நிற்காமல், கதவை விடாமல் பிடித்துக்கொண்டு. ஸ்பிரிங்கையும் கேபிள் மாட்டியிருக்கும் அடிப் பிராக்கெட்டையும் மட்டும் நீங்களாகக் கழற்றப் போகாதீர்கள். இழுவையோடு இருக்கும் சாமான், கையைக் கொண்டுபோய்விடும்.

அவர் போட்டது இரட்டை ட்ராக். மேல் பனலின் ரோலருக்கு மட்டும் தனியாக மேலே ஒரு ட்ராக், மிச்ச ரோலர்கள் கீழ் ட்ராக்கில். மேல் பனல் உயர எழும்பாமல் உடனே மடிந்து உள்ளே போகிறது. முறுக்கு ஸ்பிரிங்கை வாசலுக்கு மேலே வைக்காமல் ட்ராக்கின் பின் முனையில் வைத்தார். இந்த ஏற்பாட்டுக்கு நாலரை அங்குலம் போதும், மோட்டருக்கு மூன்று, ஆக ஏழரை. எட்டுக்குள் அடங்கிவிட்டது. பனலும் மோட்டரும் பழையதே. 1,150 டொலர், வரியோடு 1,299.50, ரசீதோடு. இப்போது கதவு முழுதாகத் திறக்கிறது, அடி விளிம்பு ஒரு அங்குலம் தொங்குவதோடு சரி. அதையும் அவர் வேலை தொடங்க முன்னரே சொன்னார்.

முதல் ஆளிடம் காசைத் திருப்பிக் கேட்ட கதைக்கு வருகிறேன். ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டு வாசலில் வைத்துச் செய்யும் 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். பிரதி கைக்கு வந்த நாளிலிருந்து 10 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்துச் செய்யலாம். முறையான பிரதி தராவிட்டால் ஒரு வருடம் வரை அந்த உரிமை உண்டு. என்னிடம் எழுத்தில் இருந்தது வாட்ஸ்அப்பில் "1850 all in ok anna" என்ற ஒற்றை வரி. அதையும், 900 டொலர் அனுப்பிய பதிவையும், டேப் பிடித்து எடுத்த படங்களையும் சேர்த்து ரத்துக் கடிதம் எழுதி மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பினேன். கையில் கொடுத்த 950க்கு ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. "எந்தக் காசு அண்ணா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான்தான் வரி மிச்சம் பிடித்து வாங்கிக்கொண்டேன். மூன்று கிழமை இழுத்து 500 டொலர் அனுப்பினார். அதோடு என் இலக்கத்தை பிளாக் செய்துவிட்டார்.

விலை கேட்டு ஆள் கூப்பிடுபவர்கள் அவர் டேப்பை எங்கே பிடிக்கிறார் என்று பாருங்கள். வாசலுக்கு மேலே பிடிக்காமல் விலை சொன்னால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள். மேலே எத்தனை அங்குலம், எந்த ட்ராக், எந்த ஸ்பிரிங், திறந்தபின் நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் கிடைக்கும் என்ற நான்கையும் விலைக் கடதாசியில் எழுதச் சொல்லுங்கள். உங்கள் வண்டி உள்ளே போய் வெளியே வந்த பிறகு மிச்சக் காசு.

சீலிங் ஓட்டையை அடைத்து, மூட்டுக்குப் பூச்சுப் பூசி முடிக்க இன்னும் 280 டொலர் போனது. அம்மா தன் அறைக்குத் திரும்பிவிட்டார். ஆனால் கராஜில் வான் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டால் இன்னும் யன்னலைத் திறந்து வைக்கிறார், வெளியே மைனஸ் பதினைந்து என்றாலும்.