நகலெடுத்துப் பழக ரெம்பிராண்டா, ஃபிரான்ஸ் ஹால்ஸா?

பழைய குழு ஓவியம் ஒன்றை நகலெடுத்தே எண்ணெய் வண்ணம் பழகுவது என்று முடிவெடுத்தபோது, போட்டியில் நின்றவை இரண்டு டச்சு ஓவியங்கள். ஒன்று, துணியின் தரம் பார்க்கும் சங்க அதிகாரிகளை ரெம்பிராண்ட் 1662-ல் வரைந்தது; ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது. மற்றது, ஃபிரான்ஸ் ஹால்ஸ் 1616-ல் வரைந்த செயின்ட் ஜார்ஜ் காவல்படை அதிகாரிகளின் விருந்து, இது நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில். நான் எடுத்தது ரெம்பிராண்டை. அதனால் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் எழுதுவேன்.

தலைக்கணக்கில் ரெம்பிராண்டில் 6 பேர், ஹால்ஸில் 12 பேர். ஹால்ஸில் கொடி, சாப்பாட்டு மேசை எல்லாம் கூடுதல் வேலை. அளவில் இரண்டுமே பெரிசு. ரெம்பிராண்ட் மட்டுமே ஏறக்குறைய 2.8 மீட்டர் அகலம். ஆனால் அதன் நீள அகல விகிதம் 3-க்கு 2 அடி கேன்வாஸில் கிட்டத்தட்ட அப்படியே உட்காரும். ஹால்ஸ் இன்னும் நீளவாக்கு. தனியாகச் சட்டம் அடிக்கச் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியதுதான். எனக்கு முடிவைச் சொன்னது வேறு: தப்பாகப் போட்டால் திருத்த முடியுமா?

ரெம்பிராண்டே இதில் திருத்தியிருக்கிறார். பின்னால் நிற்கும் பணியாளரை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தது எக்ஸ்ரேயில் தெரிகிறது. அடுக்கடுக்காக வேலை செய்யும் முறை நம்மையும் காப்பாற்றும். ரா அம்பர் என்ற பழுப்பு வண்ணத்தை டர்பன்டைனில் கரைத்துக் கேன்வாஸ் முழுக்கத் தடவி, வெளிச்சம் விழும் முகத்தையும் காலரையும் துணியால் துடைத்தெடுத்தால் பாதிப் படம் வந்துவிடும். அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் சீக்கிரம் காயும். மூக்கு கோணியிருந்தால் காய்ந்த பிறகு மேலே இன்னொரு அடுக்கு, அவ்வளவுதான். கறுப்புதான் தொல்லை. ஐவரி பிளாக் காய நாள் எடுக்கும். அது உள்ளே ஈரமாக இருக்கும்போதே மேலே வேகமாகக் காயும் வண்ணத்தைப் பூசினால் பின்னால் வெடிக்கும். அங்கிகளின் கறுப்பில் கொஞ்சம் அம்பர் கலந்துவிடுங்கள். சீக்கிரமும் காயும், பின்னாலுள்ள பழுப்பு மரச்சுவரோடும் ஒட்டிப்போகும்.

ஹால்ஸில் இந்த வசதி குறைவு. தோளில் குறுக்கே போகும் அந்தச் சிவப்பு வெள்ளைப் பட்டையைப் பாருங்கள். ஈரத்தின் மேலேயே ஈரமாக, ஒரே இழுப்பில் போட்டதுபோல் இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து மெதுவாக இழுத்தால் கோலத்தின் மேல் பென்சில் ஓட்டியதுபோல் ஆகிவிடும். துடைத்துவிட்டு மறுபடி போட்டால் அடியிலிருக்கும் கறுப்பு கலந்து வெள்ளை சாம்பலாகிவிடும். ஹால்ஸிடம் 27 கறுப்புகள் இருப்பதாக வான்கோ சொன்னார். ஈரம் காய்வதற்குள் அதில் நாலைப் பிடித்தாலே பெரிசு. 1880-ல் ஹார்லெம் போய் ஹால்ஸை நகலெடுத்த அமெரிக்க ஓவியர் சார்ஜென்ட், அதற்கு முன்பே பாரிஸில் முறையாகப் பயின்றவர்.

ஹால்ஸில் நான் முயன்றது ஒரு தலை மட்டும்தான், அதனால் முழுப் படத்துக்கும் இதே தீர்ப்பு என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆளை உட்காரவைத்து ஒரே அமர்வில் வரைந்து பழகியவர்களுக்குக் கணக்கு மாறலாம். ரெம்பிராண்டையும் அருங்காட்சியகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பெரிய படத்தைப் பார்த்துத்தான் வரைகிறேன். மேசைச் சிவப்புக் கம்பளத்தில் வண்ணம் எவ்வளவு தடிமன் என்பது திரையில் பிடிபடவில்லை. அங்கே ஓவியக் கத்தியால் நான் பூசும் தடிமன் ஊகம்தான்.

ஹால்ஸின் வீச்சுதான் வேண்டும் என்றால் விருந்து முழுவதையும் தொட வேண்டாம். ஒரு காலர், ஒரு பட்டை, சின்ன அட்டையில் திரும்பத் திரும்பப் போட்டுப் பாருங்கள். கேன்வாஸ் செலவாவது மிஞ்சும்.