கெட்ட கனவுக்கு 99 ரூபாய் கட்டினேன்

ஃபேஸ்புக்கில் "ஏழே இரவில் கெட்ட கனவுக்கு முடிவு, வெறும் 99 ரூபாய்" என்று டாக்டர் கோட்டு போட்ட ஒருவர் பேசுகிற விளம்பரம் வந்தால் தொடாதீர்கள். நான் தொட்டேன். 38,610 ரூபாய் போனது. வெளியில் சொல்லவே கூச்சமாக இருந்தது. போன வாரம் எங்கள் தெருவில் இன்னொரு அக்காவும் அதே விளம்பரத்தைக் காட்டி "இது எப்படி?" என்று கேட்டதால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு கடலூர் ஆல்பேட்டை பக்கம், பெண்ணையாற்றுக்கு நடந்து போகிற தூரம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது எங்களுக்குப் பெரிய சேதம் இல்லை. அப்பாடா என்று இருந்தோம். அதற்கப்புறம் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர்தான் வீட்டுக்குள் வந்தது. கிரைண்டர், ஃபிரிட்ஜ், மகளின் பிளஸ் டூ புத்தகங்கள், எல்லாம் போச்சு. நிவாரணம் 2,000 ரூபாய் கிடைத்தது. (பாலத்தைத் தாண்டினால் புதுச்சேரி ரேஷன் கார்டுக்கு 5,000. அந்த வயிற்றெரிச்சல் தனி.) தண்ணீர் நாலு நாளில் வடிந்தது. கனவு வடியவில்லை.

ஒரே கனவுதான். கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் வரும். அம்மா கட்டிலில் படுத்திருப்பார். தூக்கப் போனால் என் கை அசையாது. ராத்திரி ரெண்டரை வாக்கில் அலறிக்கொண்டு எழுவேன். எழுந்ததும் முதலில் குனிந்து தரையைத் தொட்டுப் பார்ப்பேன், காய்ந்துதான் கிடக்கும். அம்மா தலையணைக்கடியில் சாவிக்கொத்தும் வேப்பிலையும் வைத்தார். மாமியார் திருப்பாதிரிப்புலியூர் கோயில் விபூதியைக் கொண்டுவந்து பூசினார். வீட்டுக்காரர் "போனை ஓரமா வெச்சிட்டுப் படு" என்றார். ரெண்டு மாசம் இப்படி ஓடினால் மனுஷி எதையும் நம்புவாள். அந்த நேரத்தில்தான் விளம்பரம் வந்தது.

லிங்க்கைத் தொட்டால் தமிழிலேயே ஒரு பக்கம். கார்டு நம்பர், காலாவதி மாதம், பின்பக்க மூன்று இலக்கம், எல்லாவற்றையும் போட்டேன். பணம் போகவில்லை. ரெண்டே நிமிஷத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு பெண் குரல்: "மேடம், உங்க கார்டுல இன்டர்நேஷனல் ஆஃப்ல இருக்கு. பேங்க் ஆப்ல போய் ஆன் பண்ணிட்டு மறுபடி ட்ரை பண்ணுங்க. நாங்க லைன்லயே இருக்கோம்." அவ்வளவு மரியாதை. உரம் கடை, கேஸ் ஏஜென்சி, எங்கேயும் என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை.

நான் கோட்டைவிட்டது இங்கேதான். 2020 ரிசர்வ் வங்கி உத்தரவுக்கு அப்புறம் வருகிற புதுக் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைந்தேதான் வரும். நாமாகப் போய்த் திறந்தால்தான் திறக்கும். கடலூரில் உட்கார்ந்து 99 ரூபாய் கட்டுவதற்கு வெளிநாட்டுக் கதவு எதற்கு என்று எனக்குத் தோன்றவில்லை. திறந்தேன். உச்சவரம்பு 50,000 என்று இருந்தது, அதையும் அப்படியே விட்டேன். இந்தத் தடவை ஓடிபி கூடக் கேட்காமல் பணம் போய்விட்டது. 99 இல்லை, 104 ரூபாய். ஜி.எஸ்.டி. போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்! உள்நாட்டில் ஆன்லைனில் கட்டினால்தான் ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்பு கட்டாயம். வெளிநாட்டுத் தளங்கள் பல ஓடிபி இல்லாமலே எடுத்துக்கொள்ளும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

பதிலுக்கு ஒரு ஆடியோ அனுப்பினார்கள். கேட்டால் கடல் அலைச் சத்தம். தண்ணீர்க் கனவுக்காரிக்கு ஏழு இரவும் அலைச் சத்தம்.

மூன்றாம் நாள், பிப்ரவரி 8, விடிந்தால் இரண்டாம் சனிக்கிழமை. 2.41க்கு வழக்கம்போல் கனவு. அம்மாவின் கட்டில் மிதக்கிறது, எங்கேயோ போன் 'டிங்' என்கிறது. எழுந்து தரையைத் தொட்டேன். போனில் ஆங்கிலத்தில் ஏதோ எஸ்.எம்.எஸ்., 12,870 டெபிட். 2.44க்கு இன்னொன்று, அதே 12,870. சத்தியமாகச் சொல்கிறேன், அதையும் கனவு என்றே நினைத்தேன். அப்படி ஒரு மயக்கம். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பப் படுத்துவிட்டேன். 5.10க்கு மூன்றாவது 12,870 போனது. அப்போதே கார்டை முடக்கியிருந்தால் அந்த ஒன்றாவது தப்பியிருக்கும்.

ஏழு மணிக்கு மகள் போனைப் பார்த்துவிட்டு "அம்மா, ஃபிரிட்ஜ் வாங்கப் போறேன்னு சொல்லவே இல்லையே" என்று கேட்டபோதுதான் உறைத்தது. சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடித்தோம். புகார் எண் கொடுத்தார்கள். வங்கியின் 24 மணி நேர எண்ணில் ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று சுற்றவிட்டு, கார்டை முடக்கி முடிக்க 7.25.

திங்கட்கிழமை கிளைக்குப் போனால், கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நம்பரெல்லாம் நீங்களே குடுத்திருக்கீங்கம்மா. பேங்க் என்ன பண்ணும்?" கடிதத்தை வாங்கவே மாட்டேன் என்றார். பாண்டியில் வேலை பார்க்கிற என் தம்பி போனிலேயே சொன்னான்: "நகல்ல சீல் வாங்காம வெளிய வராதக்கா." ஒன்றரை மணி நேரம் நின்றேன், சீல் விழுந்தது.

அந்தச் சீல்தான் இன்றைக்கு என் கையில் இருக்கிற ஒரே ஆயுதம். அப்போது நடப்பில் இருந்த ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, நம் தவறு இல்லாமல் மூன்றாம் ஆள் ஏமாற்றியிருந்து, மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நமக்குப் பொறுப்பு இல்லை. புகார் கொடுத்த பத்து வேலை நாளில் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும், 90 நாளில் தீர்க்க வேண்டும். தவறு நம்முடையது என்றால் அதை நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். விவரத்தை நாமே கொடுத்திருந்தால், புகார் சொல்கிற வரைக்கும் ஆன நஷ்டம் நம் தலையில். என் வங்கி இந்தக் கடைசி வரியைப் பிடித்துத் தொங்குகிறது.

கிளையில் சொல்லாத ஒன்றை உதவி எண்ணில் பேசிய பெண் சொன்னாள்: கார்டு பரிவர்த்தனைக்கு 'டிஸ்ப்யூட் ஃபார்ம்' என்று, இந்தத் தொகையை ஏற்கவில்லை என்று எழுதிக் கொடுக்கிற படிவம் தனியாக உண்டு. போட்டேன். 5.10க்குப் போன தொகை நாற்பது நாளில் திரும்பியது. மற்ற இரண்டுக்கும் வங்கி கைவிரித்ததால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் (வங்கிப் புகார்களை விசாரிக்கிற குறைதீர்ப்பாளர்) ஆன்லைனில் போட்டிருக்கிறேன். செலவு கிடையாது. வங்கி மறுத்தாலோ, முப்பது நாள் பதில் சொல்லாவிட்டாலோ போடலாம். விவரம் கேட்க 14448.

கனவு என்ன ஆனது என்று கேட்பீர்கள். பணம் போனதும் அது இரட்டித்தது, தண்ணீரோடு 'டிங்' சத்தமும் சேர்ந்துகொண்டது. மகள்தான் 14416க்கு அடித்துக் கொடுத்தாள். டெலி மானஸ், அரசாங்கத்தின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், இலவசம். அதிலிருந்து அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே எனக்கு ஆலோசனை சொன்ன அம்மா ஆடியோவெல்லாம் தரவில்லை. "கனவைப் பகல்ல ஒரு நோட்டுல எழுதுங்க. முடிவை மட்டும் உங்களுக்குப் பிடிச்ச மாதிரி மாத்தி எழுதுங்க. தினம் பத்து நிமிஷம் கண்ணை மூடி அந்தப் புது முடிவை ஓட்டிப் பாருங்க" என்றார். ராத்திரியின் பின்பாதியில் கனவுத் தூக்கம் அதிகம், அதனால்தான் ரெண்டரை மணிக்கு வருகிறது, பேயும் இல்லை பிசாசும் இல்லை என்றார். மகளின் பழைய நோட்டில் எழுதினேன்: தண்ணீர் வருகிறது, நான் பின்கதவைத் திறக்கிறேன், தண்ணீர் தோட்டத்து வாழை வழியாக ஆற்றுக்கே போய்விடுகிறது, அம்மா காபி கேட்கிறார். முதல் வாரம் சிரிப்பாக இருந்தது. ஒரு மாசத்தில், தினம் வந்தது வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்தது.

போனைத் தள்ளி வைத்துப் படு என்கிறார்கள். தள்ளி வைத்தால் டெபிட் செய்தி தெரியாது. அதனால் தினமும் படுக்கப் போகுமுன் ஆப்பில் கார்டையே அணைத்துவிடுகிறேன். வெளிநாடு நிரந்தரமாக ஆஃப்.

நேற்றுக் காலை வாட்ஸ்அப்பில் புது எண்ணிலிருந்து அதே பெண் குரல்: "மேடம், நீங்க ஏமாந்த பணத்தை ரீஃபண்ட் வாங்கித் தர்றோம். ப்ராசஸிங் ஃபீஸ் 499 மட்டும்." குரல் பதிவை அழிக்காமல் வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை சைபர் கிரைமில் கொடுக்க.